பால் வண்டியில் போன பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடை திறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு பெண்மணி கைப்பிடி கழன்ற மூக்குக் கண்ணாடியோடு ஓடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் ஒரு பை, காலில் ஓட்டப்பந்தயக்காரி போல ஷூ. ரயில் இருக்கிறது, பத்தே நிமிடத்தில் சரி செய்ய முடியுமா என்றார். திருகு எங்கோ விழுந்துவிட்டிருந்தது. டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன். அந்த அளவு மட்டும் இல்லை. அவசரத்துக்கு எது கையில் அகப்பட்டிருக்கிறது? என் சொந்தக் கண்ணாடியில் இருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டுக் கொடுத்தேன். பிறகு நாள் முழுக்க ஒற்றைக் காதில் தொங்கும் கண்ணாடியோடு லென்ஸ் தேய்த்தேன்.

திருகை முடுக்கும்போது அவர் சொன்னதுதான் விஷயம். ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் தன் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல், அதாவது புது ரத்தத்தை உண்டாக்கும் அணுக்களை, கொடுக்கிறார். வேறோர் ஊரில் ரத்தப் புற்றுநோயோடு யாரோ ஒருவர் அதற்காகக் காத்திருக்கிறார். இவருக்கு அவரைத் தெரியாது, அவருக்கு இவரைத் தெரியாது. நடுவில் அந்த அணுக்கள் உள்ள பையைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இந்த அம்மாள்.

பார்சலில் அனுப்பிவிடக் கூடாதா என்று கேட்டேன்.

"உங்க குழந்தையைப் பார்சல்ல அனுப்புவீங்களா?" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டார்.

மார்ச் 4, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்க நன்றாக இருக்கிறது என்றார். நானும் சேரப் போகிறேன் என்றதும் செய்தித்தாளை இறக்கினார். "நீயா? எதிர்ப் பக்கம் போற பஸ்ல ஏறி, கடைசி ஸ்டாப்புல இருந்து போன் பண்ணினவ நீ." அது நடந்து பதினொரு வருடம் ஆகிறது. கல்யாணம் ஆனவர்களுக்கு ஞாபக சக்தி எதற்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று இப்போது புரிகிறது.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா போனில்: "யாரோ குடுக்கறாங்க, யாரோ வாங்கிக்கறாங்க. நடுவுல நீ யாருடி?"

கேள்வி ரொம்பப் பிடித்திருக்கிறது.

மார்ச் 14, சனி

பயிற்சி. பதிவகத்தின் மாடியில் ஒரு நீள அறை, ஆறு பேர். கொடுப்பவர்களையும் நோயாளிகளையும் இணைத்து வைக்கும் அலுவலகத்துக்குத்தான் பதிவகம் என்று பெயர். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குக் கணீரென்ற குரல். பயண நாட்களில் போனில் நம்மோடு இருக்கப் போவதும் அவர்தானாம்.

பையை வைக்கும் பெட்டி ஒரு சின்ன மீன் தொட்டி அளவு. பக்கவாட்டில் ஒரு திரை, உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும். இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. பெட்டியை யாரிடமும் கொடுக்கக் கூடாது, எக்ஸ்ரே மெஷினில் விடக் கூடாது, கழிவறைக்குப் போனாலும் கூடவே தூக்கிப் போக வேண்டும். கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று கேட்கவே கூடாது.

கடைசியாக ஒன்று சொன்னார். நோயாளியின் எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடத்தை முன்கூட்டியே மருந்து கொடுத்துத் துடைத்துவிடுவார்கள். நாம் கிளம்பும்போது அவருக்கென்று சொந்தமாக எதுவும் மிச்சம் இருக்காது. பை வந்தால் உண்டு.

எதிரே ஒருவர் எழுந்து, என்னால் முடியாது, மன்னியுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் ஏன் எழவில்லை என்றுதான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

கூப்பிட்டுவிட்டார்கள்!

யாரோ ஒருவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தேன். போனில் அந்தக் கணீர்க் குரல். இருபதாம் தேதி கிளம்ப முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறீர்களா என்றார். முடியும் என்று மறுபடியும் சொன்னேன். அப்புறம்தான் முதலாளியிடம் போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, லீவு எல்லாம் சரி, என் கையில் இருக்கும் லென்ஸை முதலில் கீழே வைக்கச் சொன்னார். பாதி தேய்த்த லென்ஸோடேயே அவரிடம் ஓடியிருக்கிறேன்.

ஏப்ரல் 20, திங்கள்

விடுதி அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு கெட்டில். வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். நாற்பத்தேழு வயதில். யாரிடமும் கேட்காமல் ஜன்னலைத் திறந்தேன். யாரிடமும் கேட்காமல் மூடினேன்.

காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளேயே பதினைந்து முறை நடந்து பழகினேன். கீழ் அறைக்காரர் கதவைத் தட்டாதது அவருடைய பெருந்தன்மை.

ஏப்ரல் 21, செவ்வாய்

காலிப் பெட்டியோடு மருத்துவமனைக்குப் போய்த் தாள்களைச் சரிபார்த்தேன். இன்று சாயந்தரத்துக்குள் சேகரித்து முடித்துவிடுவார்கள். இரவு அவர்களுடைய குளிர் அறையிலேயே இருக்கும், காலை ஆறு மணிக்கு என் கையில்.

திரும்பும்போது நடைக்கூடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு முழங்கை மடிப்பிலும் வெள்ளைப் பிளாஸ்திரி. அவன்தானா? மருத்துவமனையில் யார் கையில்தான் பிளாஸ்திரி இல்லை? கேட்கக் கூடாது. ஆனால் அவன் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தான். பிஸ்கட் மெல்லுவதை நிறுத்தினான்.

லிஃப்ட் வந்ததும் எழுந்து வந்து, கதவு மூடாமல் காலால் பிடித்துக்கொண்டான்.

"பார்த்துப் போங்க" என்றான். அவ்வளவுதான்.

வழக்கமாக எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதுதான். லிஃப்டில் கீழே இறங்குவதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஏப்ரல் 22, புதன்

காலை 7.10. ரயில். பெட்டி மடியில். பை கைக்கு அடக்கமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. இரண்டு பேர் சேர்ந்து எண்களை உரக்கப் படித்துச் சரிபார்த்தோம், கையெழுத்துப் போட்டேன். திரையில் 4.2. மதியம் இரண்டு மணிக்கு வண்டி சேர வேண்டும். எனக்குப் பாடத் தோன்றுகிறது. பாடினால் இறக்கிவிடுவார்கள்.

9.30. கழிவறைக்குப் பெட்டியோடு போய் வந்தேன். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

10.55. விழுந்துடுச்சு. மடியிலேருந்து விழுந்துடுச்சு. வண்டி திடீர்னு நின்னது, நான் பேனா எடுக்க ஒரு கையை விட்டேன் — ஒரே ஒரு கை — பெட்டி போய் எதிர் சீட்டு இரும்புக் கால்ல மோதிடுச்சு. மூடியோட மூலை விரிஞ்சிருக்கு. பைக்கு ஒண்ணும் ஆகலை, உள்ளே மெத்தை இருக்கு. 4.6 காட்டுது. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

11.40. மேலே போகும் மின்கம்பி அறுந்துவிட்டதாம். எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏசி நின்றுவிட்டது. வெயில். ஒரு சின்ன ஸ்டேஷனை ஒட்டி நிற்கிறோம். 5.9.

எதிர் சீட்டு வழுக்கைத் தலைக்காரர் என்னவென்று கேட்டார். சொல்லிவிட்டேன். ஒரே நிமிடத்தில் பெட்டி முழுக்க — நான் சொல்வது ரயில் பெட்டி — தெரிந்துவிட்டது. அவர் தன் துண்டை நனைத்து விரிசல் மேல் போட்டார். யார் யாரோ மாற்றி மாற்றிச் செய்தித்தாளால் விசிறுகிறார்கள். எனக்கு விசிறவில்லை, பெட்டிக்கு.

மாலை 7.30. மருத்துவமனை எதிரே, விடுதி அறை.

இப்போது முழுவதும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

பன்னிரண்டு மணிக்கு 6.6. பதிவகப் பெண்ணுக்குப் போன் செய்தேன். கீழே போட்டதை மறைக்கவில்லை. அவர் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. முதலில் விரிசலை டேப்பால் ஒட்டுங்கள், பிறகு குளிர்ச்சியாக ஏதாவது தேடுங்கள், அதற்குள் நான் வண்டிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். பக்கத்து நகரத்தில் இருந்து கார் வர மூன்று மணி நேரம் ஆகுமாம்.

யாரோ ஒரு பெண் தன் பையில் இருந்து டேப் எடுத்துக் கொடுத்தாள். நான் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி பிளாட்பாரத்தில் இறங்கினேன். வழுக்கைத் தலைக்காரர் என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஒரே ஒரு ஜூஸ் கடை திறந்திருந்தது. கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் குனிந்து ஒரு பெரிய ஐஸ் பாளத்தையே தூக்கி மேசை மேல் வைத்தார். வேண்டாம் என்றேன். ஐஸ் பட்டு உறைந்துவிட்டால் அந்த அணுக்கள் செத்துவிடும். அவர் முகம் சுருங்கிவிட்டது. நல்ல தண்ணி ஐஸ்தாங்க என்றார். நான் விளக்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உறையக் கூடாது, சூடாகவும் கூடாது, நாலு டிகிரி வேண்டும்.

அவர் ஐஸை மறுபடி உள்ளே இறக்கினார். "நாலு டிகிரின்னா பால் வண்டிங்க" என்றார்.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடை வாசலில் பால் வண்டி நின்றிருந்தது. ஓட்டுநருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, பால் கிரேட்டை இடுப்பில் வைத்தபடி நாங்கள் மூன்று பேரும் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி.

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னேன். நூற்று எழுபது கிலோமீட்டர். அவர் போக வேண்டியதோ நேர் எதிர்த் திசை, இன்னும் பதினான்கு கடைக்குப் பால் இறக்க வேண்டும். கிரேட்டைக் கீழே வைத்தார். போனை எடுத்து ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டு, இன்றைக்குப் பால் சாயந்தரம்தான் என்றார். காரணம் கேட்டவர்களுக்கு "ஒருத்தருக்கு அவசரம்" என்றார். எங்கள் பேச்சைக் கேட்டு நின்ற மளிகைக் கடைக்காரம்மா, பக்கத்தில் இருக்கும் ஐந்து கடைக்குத் தானே ஸ்கூட்டரில் பால் போட்டுவிடுவதாகச் சொல்லி, கேட்காமலே கிரேட்டுகளை இறக்க ஆரம்பித்தாள்.

பதிவகப் பெண்ணுக்கு மறுபடி போன். பால் பாக்கெட்டை வைத்துக் குளிர வைக்கலாமா என்று கேட்டேன்.

"பால் பாக்கெட்டா?"

"ஆமா. நாலு டிகிரி. வண்டியில மீட்டர் இருக்கு, நானே பார்த்தேன்."

"உறைஞ்சிருக்கக் கூடாது. பைக்கும் பாலுக்கும் நடுவுல அந்த மெத்தை இருக்கணும். வெச்சுட்டு எனக்கு நம்பர் சொல்லுங்க." பிறகு, அலுவலகக் குரல் கழன்று, "அக்கா, சீக்கிரம்" என்றார்.

பெட்டிக்குள், மெத்தைக்கு வெளியே, எட்டுப் பாக்கெட்டுகளை அடுக்கினோம். அப்போது 7.4. பெட்டி கையை விட்டு விலகக் கூடாதே, அதனால் பின்னால் பாலோடு வைக்காமல் என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பிய பின் நான் சாலையைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தேன். 7.4. 7.4. 7.3. ஒரு புள்ளி இறங்கியதற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது என் கல்யாணத்தன்றுகூட இல்லை. ஒரு மணி நேரத்தில் 5.8. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பின்னால் போய்ப் பாக்கெட்டுகளை மாற்றிக் கொண்டுவந்தார்.

பேச்சு அதிகம் இல்லாத ஆள். பாதி வழியில் அவராகவே சொன்னார். "நான் லேட்டாப் போனா கடைக்காரங்க திட்டுவாங்கக்கா. தினமும் யாராவது திட்டுவாங்க. ஆஸ்பத்திரில இருக்கறவரும் யாரையாவது திட்டறதுக்கு உயிரோட இருக்கணுமேன்னுதான் ஓட்டறேன்."

பாலத்துக்கு முன்னால் சாலை வேலை. ஒற்றை வழி. எங்களுக்கு முன்னால் ஐம்பது அறுபது வண்டிகள் அசையாமல் நின்றன. ஹாரன் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. இறங்கி நடந்தார். முதல் காரின் ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னார், அடுத்த லாரிக்குப் போனார், அடுத்து ஒரு பைக். அதற்கு மேல் அவர் போக வேண்டியிருக்கவில்லை. லாரிக்காரர் இறங்கி அவருக்கு முன்னால் ஓடினார். ஒவ்வொரு வண்டியாகச் சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கியது. ஒரு காரின் சக்கரம் ஓரத்து மண்ணில் இறங்கிவிட்டது. அதில் இருந்தவர், நாங்கள் நிற்கப் போகிறோமோ என்று பயந்து, போங்க போங்க என்று கையை ஆட்டினார். பால் வண்டி நடுவில் போனது. இரண்டு பக்கமும் முகங்கள். ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. நான் வாய்விட்டு அழுதேன். ஓட்டுநர் பார்க்காத மாதிரி சாலையைப் பார்த்து ஓட்டினார்.

4.50க்கு மருத்துவமனை. 4.9 டிகிரி. வாசலிலேயே ஒரு நர்ஸம்மா காத்திருந்தார். மூடியைத் திறந்ததும் பால் பாக்கெட்டுகளைப் பார்த்து நிமிர்ந்தார். நான் விளக்க ஆரம்பித்தேன், கையை உயர்த்தி நிறுத்தினார். முதலில் எண்கள். உரக்கப் படித்தோம். எல்லாம் பொருந்தின. கையெழுத்து. பையைத் தூக்கிக்கொண்டு இரட்டைக் கதவுக்குள் போய்விட்டார். கதவு ஆடி நின்றது.

என் கை காலியாக இருந்தது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

வெளியே வந்தால் பால் வண்டி போயே விட்டிருந்தது. ஒன்பது கடை பாக்கி அவருக்கு. நன்றிகூடச் சொல்லவில்லை. வழியில் பதிவகத்துக்காக அவருடைய போன் எண்ணை வாங்கி வைத்தது மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் 23, வியாழன்

காலையில் ஆய்வகத்தில் இருந்து தகவல்: அணுக்கள் நன்றாக உயிரோடு இருக்கின்றன, நேற்று இரவே ஏற்றிவிட்டார்கள். இனி அவை போய் எலும்புக்குள் இடம் பிடிக்க வேண்டும். அது பிடித்ததா இல்லையா என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். அது விதி.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி விழுந்ததையும். வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், பால் வண்டிக்காரருக்குப் போன் செய்தாயா என்றுதான் கேட்டார்.

செய்தேன். "சேர்ந்துச்சுல்ல? சரிக்கா" என்றார். பின்னால் கிரேட் சத்தம்.

மே 2, சனி

பால் வண்டித் தம்பி இன்று அவராகவே கூப்பிட்டார். பால் கம்பெனியில் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். பாதையை விட்டு ஏன் போனாய் என்று. தனக்கு எழுத வராது என்றார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். நான் எழுதினேன், இரண்டு பக்கம். பதிவகமும் தனியாக ஒன்று எழுதியது.

மே 6, புதன்

மேலாளர் கடிதங்களை இரண்டு முறை படித்தாராம். எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தாராம். பிறகு ஒரே கேள்வி கேட்டாராம்: "அந்த எட்டுப் பாக்கெட்டு எங்கய்யா?"

அது ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டது. வேலை இருக்கிறது. நாங்கள் இருவரும் போனில் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 31, வெள்ளி

இன்றோடு நூறு நாள். நூறு நாள் தாண்டிவிட்டால் பெரிய கண்டம் ஒன்று தாண்டியது மாதிரி என்று பயிற்சியில் சொன்னார்கள். அவர் தாண்டினாரா? அவரா, அவளா? குழந்தையா? யாரைக் கேட்பது? கடையில் இன்று மூன்று லென்ஸைத் தப்பாகத் தேய்த்தேன்.

அக்கா இப்போது தன் தெரு முழுக்க இந்தக் கதையைச் சொல்கிறாளாம். அவள் கதையில் மழை பெய்கிறது, பாலம் இடிகிறது. இடியட்டும். ஆனால் சாயந்தரம் போன் செய்து, சத்தத்தைத் தணித்து, "ஏதாவது தெரிஞ்சுதாடி?" என்று கேட்டாள். அவளுக்கும் நாள் கணக்குத் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 30, வெள்ளி

கடிதம் வந்திருக்கிறது.

பதிவகத்தின் உறைக்குள் இன்னோர் உறை. மேலே "பெட்டியைக் கொண்டுவந்தவருக்கு" என்று கையால் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு இடத்தில் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள், பெயராக இருக்கும். கடையில் எல்லோர் முன்னாலும் படிக்க முடியாமல் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவருடைய மனைவி எழுதியிருக்கிறார். இதை எடுத்து இங்கே எழுதி வைக்கிறேன், தாள் தொலைந்தாலும் இது இருக்கும்:

"உங்கள் முகம் எனக்குத் தெரியாது. பால் பாக்கெட் கதையை மட்டும் நர்ஸ் சொன்னார். பையைக் கொடுத்த மகராசருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நடுவில் மிகவும் கஷ்டப்பட்டோம், ஒரு மாதம் நம்பிக்கை இல்லாமலே இருந்தோம். பிறகு மெல்ல மெல்ல ரத்தம் ஊற ஆரம்பித்தது. போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டோம். நேற்று அவர் யாரும் பிடிக்காமல் மாடிப்படி ஏறினார். பத்தொன்பது படி. இரண்டு முறை உட்கார்ந்தார். மேலே போய், இங்கே ஏன் இவ்வளவு தூசி, நான் இல்லாவிட்டால் யாரும் பெருக்க மாட்டீர்களா என்று என்னைத் திட்டினார். திட்டி முடிக்கிற வரை நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்."

முதலாளி கதவைத் தட்டி, ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றார். வருகிறேன் என்றேன். உடனே போக முடியவில்லை.

நவம்பர் 1, ஞாயிறு

காலையில் பால் வண்டித் தம்பிக்குப் போன் செய்தேன். ஏதோ ஒரு கடை வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார். கடிதம் வந்திருக்கிறது, படிக்கட்டுமா என்றேன். படிங்க என்றார். முதல் வரி படிக்கும்போதே கிரேட் சத்தம் நின்றுவிட்டது.

முழுவதும் படித்து முடித்தேன்.

"அந்த மாடிப்படி இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிங்கக்கா."

படித்தேன். பத்தொன்பது படி. இரண்டு முறை உட்கார்ந்தது. தூசி. திட்டு.

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல. குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. கடைக்காரரிடம் சொல்கிறார்.

"ஏறிட்டாராம்ணே."

"யாரு?" என்றார் கடைக்காரர்.

"தெரியலையே" என்றார் தம்பி. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.